பழைய பத்மினி வாங்குவதும் அதன் கார்புரேட்டரைச் சரிசெய்வதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னிடம் 1986ஆம் ஆண்டு பிரீமியர் பத்மினி கார் ஒன்று இருக்கிறது. ஒன்பது ஆண்டுகளாக அதை ஓட்டுகிறேன், நானே பழுதும் பார்க்கிறேன். பெட்ரோல் பங்கிலும் டீக்கடை வாசலிலும் வண்டியைப் பார்த்து நெருங்கி வருபவர்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. வாங்க ஆசைப்படுபவர்கள், வாங்கிவிட்டுத் தவிப்பவர்கள் இருவருக்குமாக அவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

பத்மினியும் பழைய ஃபியட்டும் ஒரே வண்டிதானா?

ஆம். இத்தாலியின் ஃபியட் 1100 டி என்ற காரை மும்பை குர்லாவில் இருந்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் 1964இல் இங்கே தயாரிக்கத் தொடங்கியது. எழுபதுகளின் தொடக்கத்தில் பெயர் பிரீமியர் பிரசிடென்ட் ஆனது; 1974 முதல் பத்மினி. பெயர் மாறியும் நம் ஊர்ப் பெரியவர்களின் வாயில் அது இன்றும் 'பியட்டு'தான். 1089 சிசி, நான்கு சிலிண்டர், ஸ்டியரிங் தண்டில் கியர். இந்த அடிப்படை நெடுங்காலம் மாறாமல் இருந்ததால்தான் இன்றும் உதிரி பாகம் கிடைக்கிறது. 1970ஆம் ஆண்டு வண்டியின் பாகம் 1990ஆம் ஆண்டு வண்டிக்குப் பல இடங்களில் அப்படியே பொருந்தும். மும்பையின் கறுப்பு-மஞ்சள் டாக்சிகளாக ஓடியவையும் இவையே. கடைசி பத்மினி டாக்சி 2003 அக்டோபரில் பதிவானது; 20 ஆண்டு வரம்பு முடிந்து 2023 அக்டோபரில் அது ஓய்வு பெற்றது.

வாங்கப் போகும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

பாடியைப் பாருங்கள். எஞ்சினை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். சாவி போட்டதும் எஞ்சின் பிடித்துவிட்டால் மயங்கி முன்பணம் கொடுக்கிறார்கள். திணறினால் பயந்து ஓடிவிடுகிறார்கள். எஞ்சின் திணறலைச் சில நாள் உழைப்பில் தீர்க்கலாம். துருப்பிடித்த பாடியைத் தீர்ப்பதற்கு மாதங்களும் வண்டியின் விலையைவிட அதிகமான பணமும் ஆகும்.

காரணம் இதுதான்: பத்மினிக்கு லாரி, ஜீப் போல அடியில் தனி இரும்புச் சட்டகம் கிடையாது. பாடியே எலும்புக்கூடு. தரைத் தகடும் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற பகுதியும் அரித்துப்போனால் வண்டியின் முதுகெலும்பே போய்விட்டது என்று பொருள். நான் பார்க்கப் போன முதல் வண்டி, கண்ணாடி போன்ற வெள்ளைப் பெயின்டில் மின்னியது. ஓட்டுநர் பக்கத்து ரப்பர் விரிப்பைத் தூக்கினேன். அடியில் தார் பூசிய தகடு. கட்டைவிரலால் அழுத்தியபோது பிஸ்கட் போல நொறுங்கி, துளை வழியாகக் கீழே கிடந்த சரளைக்கல் தெரிந்தது. விற்றவரும் அதிர்ந்துபோனார், அவருக்கே அது தெரிந்திருக்கவில்லை.

எனவே சின்னக் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப்போங்கள். கதவின் கீழ்விளிம்பு, சக்கர வளைவு, ஹெட்லைட்டைச் சுற்றிய பகுதி, டிக்கியின் தரை என ஒவ்வோர் இடமாக வைத்துப் பாருங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, ஓட்டையை மறைக்கப் பூசிய பட்டிதான் இருக்கிறது. பேட்டரி அமரும் தட்டின் அடிப்பகுதியைக் கட்டாயம் பாருங்கள். ஆசிட் சிந்திச் சிந்தி அரித்திருக்கும். பிறகு நான்கு கதவுகளையும் மெதுவாகத் திறந்து மூடுங்கள். சாத்தும்போது கதவைத் தூக்கிப் பிடிக்க வேண்டியிருந்தால், கீல் தேய்ந்திருக்கலாம், அல்லது பாடியே தொய்ந்திருக்கலாம். இரண்டாவதாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

காகிதங்களில் என்ன சிக்கல் வரும்?

ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் பொறித்தவையோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். எஞ்சின் மாற்றியிருந்தால் அது ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று விற்பவர் சொன்னால் பணத்தையும் அப்புறமே கொடுங்கள்.

தனியார் காரின் பதிவு 15 ஆண்டு செல்லும். அதன்பின் தகுதிச் சோதனை செய்து 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 20 ஆண்டு கடந்த கார்களுக்கு இந்தக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்ந்தது. தமிழ்நாட்டில் பசுமை வரியும் உண்டு. வெளிமாநில வண்டி என்றால் 28ஆம் படிவத்தில் தடையில்லாச் சான்று, 29, 30ஆம் படிவங்களில் பெயர் மாற்றம். டெல்லியில் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்குத் தடை வந்தபின் அங்கிருந்து மலிவாக வண்டிகள் வருகின்றன. தடையில்லாச் சான்றைக் கண்ணால் பார்க்காமல் அவற்றுக்குப் பணம் கட்டாதீர்கள்.

'வின்டேஜ்' பதிவு என்று ஒன்று இருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். 2021 ஜூலையில் ஒன்றிய அரசு கொண்டுவந்த விதி அது. 50 ஆண்டுக்கு மேற்பட்ட, பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிகளுக்கு மட்டும் பொருந்தும். கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும், எண் பலகையில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் இருக்கும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். அன்றாடம் ஓட்ட ஆசைப்படுபவர்கள் சாதாரணப் பதிவையே உயிரோடு வைத்திருங்கள்.

பல ஆண்டு ஓடாமல் நிற்கும் வண்டியை வாங்கலாமா?

பாடி நன்றாக இருந்தால் வாங்கலாம். எஞ்சின் இறுகிப்போகவில்லை என்று மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள். நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு, ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் ஃபேன் பெல்ட்டைப் பிடித்தோ, டாப் கியரில் போட்டு வண்டியைத் தள்ளியோ எஞ்சினைச் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் போதும். தொட்டியில் கிடக்கும் பழைய பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்லாதீர்கள். அது வார்னிஷ் போலக் கெட்டியாகியிருக்கும், தொட்டியின் துருவும் அதோடு சேர்ந்து, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டருக்குள் போகும்.

வண்டி திணறுகிறது, மெக்கானிக் கார்புரேட்டரை மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?

பொறுங்கள். என் அனுபவத்தில், கார்புரேட்டர் மீது சுமத்தப்படும் பழியில் பெரும்பகுதி அதற்கு உரியதல்ல. தீப்பொறியை உண்டாக்கும் பாயின்டின் இடைவெளி, கண்டென்சர், டைமிங் (தீப்பொறி விழும் நேரம்), பிளக், வால்வுகளை இயக்கும் டேப்பெட் ஆகியவற்றைச் சரிபார்த்த பிறகுதான் கார்புரேட்டர் மேல் கை வைக்க வேண்டும். பாயின்ட் தேய்ந்து டைமிங் பின்தங்கினால் வண்டி இழுக்காது, எஞ்சின் சூடேறும், பெட்ரோல் குடிக்கும். இம்மூன்றையும் பார்த்தவுடன் 'கார்புரேட்டர் போச்சு' என்று சொல்லிவிடுகிறார்கள். நான்கு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் (உள்ளே எழும் அழுத்தம்) ஒருமுறை அளந்துவிடுங்கள். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் எந்தக் கார்புரேட்டரும் அதை ஈடுகட்டாது.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். வண்டி வாங்கிய புதிதில் சரியாக இருபது கிலோமீட்டர் ஓடியதும் இருமி நின்றுவிடும். பத்து நிமிடம் கழித்துச் சாவி போட்டால் ஒன்றுமே நடக்காததுபோலப் புறப்படும். ஒரு பட்டறையில் கார்புரேட்டரை இரண்டு முறை மாற்றினார்கள், பெட்ரோல் பம்பை ஒரு முறை. இருபது கிலோமீட்டர் இருபதாகவே இருந்தது. ஒருநாள் பல்லடம் சாலையில் வண்டி நின்றபோது, பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்கத் தொட்டி மூடியைத் திருகினேன். 'உஸ்ஸ்' என்று காற்றை உள்ளிழுக்கும் ஓசை கேட்டது. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போக வேண்டும். அது போகும் குழாயின் வாயில், கொட்டகையில் நின்ற ஆண்டுகளில் குளவி ஒன்று மண்கூடு கட்டியிருந்தது. காற்றுக்கு வழியில்லாமல் தொட்டி வெற்றிடமாகி, பம்பால் இழுக்க முடியாமல் போயிருக்கிறது. துடைப்பக் குச்சியால் மண்ணைக் குத்தி எடுத்தேன். அன்றோடு அந்தக் கோளாறு தீர்ந்தது. கழற்றிப்போட்ட பழைய கார்புரேட்டரையே திரும்ப மாட்டினேன். இன்றுவரை அதுதான் ஓடுகிறது.

ஆகவே ஓடி நிற்கும் வண்டியில் முதல் வேலை, மூடியைத் திறந்து ஓசை கேட்பது. இரண்டாவது, பம்பிலிருந்து கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு, எஞ்சினைச் சுற்றி, பெட்ரோல் துடித்துத் துடித்து வருகிறதா என்று பார்ப்பது. அதற்கு முன் காயிலின் ஒயரைக் கழற்றித் தீப்பொறி வராமல் செய்துவிடுங்கள். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

பத்மினியில் இருப்பது என்ன கார்புரேட்டர்? சோக் எப்படி வேலை செய்கிறது?

சோலெக்ஸ் 32 பி.பி.ஐ.சி. என்ற வகை. எளிமையான, நேர்மையான பொருள். இதில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. மற்ற பல கார்களில், குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ய உதவும் சோக்கை இழுத்தால் மேலே ஒரு தகடு காற்றை மூடும். இந்தச் சோலெக்ஸில் அப்படித் தகடு இல்லை. பக்கவாட்டில் ஒரு சுழல் வட்டு இருக்கிறது. சோக்கை இழுத்ததும் அது திரும்பி, குளிர்ந்த எஞ்சினுக்கென்றே உள்ள தனிப் பாதையைத் திறக்கும். சின்னக் கார்புரேட்டர் ஒன்று பெரிய கார்புரேட்டரின் இடுப்பில் உட்கார்ந்திருப்பது போல.

இதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. ஒன்று, சோக் இழுத்து ஸ்டார்ட் செய்யும்போது ஆக்சிலேட்டரை மிதிக்கக் கூடாது. திராட்டில் (ஆக்சிலேட்டரை மிதித்தால் திறக்கும் தகடு) மூடியிருந்தால்தான் அந்தப் பாதையில் உறிஞ்சும் வலு கிடைக்கும். மிதித்து மிதித்து ஸ்டார்ட் செய்யும் பழக்கம் உள்ளவர்கள் இதைச் செய்து பார்த்தால் வியந்துபோவார்கள். மற்றொன்று, அந்த வட்டு தேய்ந்தாலோ, சோக் கேபிள் முழுதாகத் திரும்பாவிட்டாலோ, சோக் போடாமலே பெட்ரோல் கசிந்துகொண்டிருக்கும். கரும்புகை, கறுத்த பிளக், குறைந்த மைலேஜ் இருந்தால் முதலில் சோக் கேபிளைக் கழற்றி, லீவரைக் கையால் முழுவதும் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். பாதி வழக்குகள் அங்கேயே முடிந்துவிடும்.

எந்த அறிகுறிக்கு எதைப் பார்ப்பது?

ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது, எஞ்சின் அணைந்துபோனாலும் வேகத்தில் நன்றாக ஓடினால், பைலட் ஜெட் அடைத்திருக்கும். ஜெட் என்பது பெட்ரோலை அளந்துவிடும் நுண்துளை கொண்ட சிறு திருகு; பைலட் ஜெட் ஐடிலிங்குக்கானது. அதை வெளியிலிருந்தே கழற்றலாம்.

ஆக்சிலேட்டரை மிதித்ததும் ஒரு கணம் செத்து, பிறகு பாய்ந்தால், ஆக்சிலேட்டர் பம்பின் டயஃப்ரம் (வளையும் சவ்வு) கிழிந்திருக்கும் அல்லது விறைத்திருக்கும். ஏர் ஃபில்டரைக் கழற்றி, எஞ்சினை நிறுத்திவிட்டு, உள்ளே பார்த்தபடி திராட்டிலைத் திருகுங்கள். மெல்லிய குழாய் முனையிலிருந்து பெட்ரோல் நேர்க்கோடாகப் பீச்ச வேண்டும். சொட்டினாலோ வராமல்போனாலோ டயஃப்ரத்தை மாற்றுங்கள்.

பெட்ரோல் நாற்றம் அடித்து, கார்புரேட்டரின் வெளிப்புறம் நனைந்திருந்தால் உடனே வண்டியை நிறுத்துங்கள். இது தீப்பிடிக்கும் கோளாறு. கார்புரேட்டர் கிண்ணத்துக்குப் பெட்ரோல் வரும் வழியைத் திறந்து மூடும் நீடில் வால்வில் தூசி சிக்கியிருக்கும், அல்லது அந்த வால்வை இயக்கும் மிதவை ஓட்டையாகியிருக்கும். மிதவையைக் காதருகே ஆட்டினால் உள்ளே பெட்ரோல் தளும்பும் சத்தம் கேட்கும். பித்தளை மிதவை என்றால், காய்ந்தபின், அடுப்பிலிருந்து இறக்கித் தள்ளி வைத்த வெந்நீரில் அமுக்குங்கள். நுண்குமிழிகள் வரும் இடத்தில் ஓட்டை இருக்கிறது. மிதவையின் மட்டத்தை மாற்ற வேண்டுமானால் அதன் கையை வளைக்காதீர்கள். நீடில் வால்வின் அடியில் உள்ள வாஷரின் தடிமனைக் கூட்டியோ குறைத்தோதான் இதில் மட்டம் வைக்கிறார்கள்.

மேடு ஏறும்போதும் வேகத்திலும் மட்டும் மூச்சு வாங்கினால், மெயின் ஜெட், பெட்ரோல் ஃபில்டர், பம்பின் சல்லடை என்ற வரிசையில் பாருங்கள்.

ஜெட்டைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்யலாமா?

கூடவே கூடாது. இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். சோலெக்ஸ் ஜெட்டில் பொறித்திருக்கும் எண் துளையின் அளவைச் சொல்கிறது. 120 என்றால் 1.20 மில்லிமீட்டர். கம்பி உரசி அது 1.25 ஆனால், வித்தியாசம் ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை. ஆனால் துளையின் பரப்பு 8 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும், அந்த அளவுக்குப் பெட்ரோலும் கூடும். பிறகு எதைத் திருகினாலும் வண்டி சரிவராது. ஜெட்டை கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, காற்றழுத்தத்தால் ஊதி, வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள். துளை முழு நிலவு போல வட்டமாகத் தெரிய வேண்டும். அடைப்பு அடம்பிடித்தால் நைலான் தூரிகையின் ஒற்றை இழை போதும். வாங்கிய வண்டியில் நான்கைந்து கைகள் ஏற்கனவே கம்பி விட்டிருக்கும் என்பதால், எண் பார்த்துப் புது ஜெட் போட்டுவிடுவதே நிம்மதி.

எல்லாம் சுத்தம் செய்தும் ஐடிலிங் ஒரே இடத்தில் நிற்கவில்லையே?

திராட்டில் தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். 'டொக் டொக்' என்று ஆடினால் கோளாறு அங்கேதான். லட்சக்கணக்கான முறை திரும்பித் திரும்பி, தண்டு நுழையும் துளை முட்டை வடிவில் தேய்ந்திருக்கும். அந்த இடுக்கில் காற்று திருட்டுத்தனமாக நுழைந்து கலவையைக் கெடுக்கும். எஞ்சின் ஓடும்போது அந்த இடத்தில் தண்ணீரைப் புகைபோலத் தெளித்தால் எஞ்சினின் ஓசை மாறும். உறுதிசெய்ய இது போதும். அடிப்பகுதி கேஸ்கெட்டையும் இதேபோலச் சோதிக்கலாம்.

இதற்கு மருந்து லேத் பட்டறை. துளையைச் சீராகக் கடைந்து, வெண்கல புஷ் (உள்வளையம்) அடித்து, புதுத் தண்டு போட வேண்டும். என் கார்புரேட்டருக்கு இதைச் செய்தவர் எழுபதை நெருங்கிய ஒரு பெரியவர். புஷ்ஷை அடித்துவிட்டு உடனே கொடுக்கவில்லை. தண்டை மாட்டி, திராட்டில் தகட்டை மூடி, டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். தகட்டின் ஓரத்தில் பிறைபோல ஒரு வெளிச்சக் கீற்று. தலையசைத்துவிட்டு, தகட்டின் இரண்டு திருகாணிகளையும் தளர்த்தி, விரலால் தட்டி, மறுபடி முடுக்கினார். நான்கு முறை. ஐந்தாம் முறை ஒளி சுற்றிலும் ஒரே நூலிழையாக நின்றது. 'இப்ப எடுத்துட்டுப் போங்க தம்பி' என்றார். அன்று மாலை என் வண்டி முதன்முறையாகச் சிக்னலில் அணையாமல் நின்றது.

ஐடிலிங்கை நானே வைக்க முடியுமா?

முடியும். எஞ்சின் நன்றாகச் சூடாகியிருக்க வேண்டும், சோக் முழுவதும் உள்ளே இருக்க வேண்டும். கலவைத் திருகாணியை மென்மையாக இறுதிவரை உள்ளே திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். அழுத்தி முடுக்கினால் அதன் கூர்முனை தழும்பாகிவிடும். ஐடிலிங் வேகத் திருகாணியால் எஞ்சினைச் சற்று வேகமாக ஓடவிட்டு, கலவைத் திருகாணியைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்பி, ஓசை எங்கே மிகச் சீராகவும் வேகமாகவும் இருக்கிறதோ அங்கே நிறுத்துங்கள். பிறகு வேகத்தைக் குறையுங்கள். உள்ளே திருகினால் பெட்ரோல் குறையும், வெளியே எடுத்தால் கூடும்.

வெயிலில் நெரிசலில் நின்றுவிடுகிறதே?

பம்பும் குழாயும் சூடேறி, பெட்ரோல் ஆவியாகிக் குமிழியாக நிற்பதால் வருவது. பம்பின்மேல் ஈரத்துணி போடும் பழைய வைத்தியம் உண்மையிலேயே பலிக்கும். நிரந்தரமாகத் தீர, பெட்ரோல் குழாயைச் சைலன்சர் பக்கத்திலிருந்து விலக்குங்கள். பம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவே இருக்க வேண்டிய வெப்பத்தடுப்புத் துண்டு இருக்கிறதா என்று பாருங்கள். ரேடியேட்டரையும் சுத்தம் செய்யுங்கள்.

இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய கார்புரேட்டருக்கு ஒத்துக்கொள்ளுமா?

அக்கறையோடு கவனிக்க வேண்டிய விஷயம் இது. இன்று பங்குகளில் கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீத எத்தனால் கலந்த இ20. பத்மினி வடிவமைக்கப்பட்ட காலத்தில் இப்படியொரு எரிபொருளை யாரும் நினைத்திருக்கவில்லை. தொல்லை மூன்று வழியில் வரும்.

முதலில் ரப்பர். பழைய குழாய்களும் டயஃப்ரங்களும் உப்பி, பிசுபிசுத்து, கடைசியில் வெடிக்கும். பெட்ரோல் குழாய் அனைத்தையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். குழாயின் மேல் 'எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9' என்று அச்சிட்டிருந்தால் நம்பலாம். வண்டி வாங்கிய முதல் வாரமே செய்ய வேண்டிய வேலை இது.

அடுத்தது ஈரம். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். கடலோர ஊர்களில் வண்டி மாதக்கணக்கில் நின்றால், மிதவைக் கிண்ணத்தின் உலோகத்தில் சுண்ணாம்பு போல வெள்ளை படியும். அதுதான் பிறகு ஜெட்டை அடைக்கிறது.

கடைசியாகக் கலவை. ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலின் மூன்றில் இரண்டு பங்கு ஆற்றலே உண்டு. எரிய அதற்குக் காற்றும் குறைவாகவே வேண்டும். பழைய ஜெட்டோடு ஓட்டினால் காற்று மிகுந்து பெட்ரோல் போதாமல் போகும். இழுவை குறையும், எஞ்சின் சூடேறும். பிளக்கின் முனை வெளிர் சாம்பலாக வெளுத்திருந்தால் இதுதான் நடக்கிறது. நான் மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாக்கினேன்; பிளக் மீண்டும் காப்பிப்பொடி நிறத்துக்கு வந்தது. கம்பியால் அல்ல, எண் பொறித்த புது ஜெட்டால்.

வேறு காரின் கார்புரேட்டரைப் பொருத்தலாமா?

பொருத்தி ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். மாருதி 800இன் கார்புரேட்டரை மாட்டினால் மைலேஜ் கூடும் என்பது பரவலான பேச்சு. அது 796 சிசி எஞ்சினுக்கு அளவெடுத்துச் செய்தது. 1089 சிசி எஞ்சினுக்கு அதை மாட்டினால் மேட்டில் மூச்சு முட்டும். அசல் சோலெக்ஸைச் சீர்செய்ய வழி இருக்கும்வரை மாற்ற வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

உதிரி பாகம் எங்கே கிடைக்கும்?

சென்னையில் புதுப்பேட்டையும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும். எங்கே வாங்கினாலும் பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய கார்புரேட்டர் உடல் கிடைத்தால், தண்டு ஆடாததாக ஒன்றை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

மாதக்கணக்கில் எடுக்க முடியாவிட்டால் என்ன செய்வது?

தொட்டியை நிரப்பி வையுங்கள். தொட்டியில் காலி இடம் குறைந்தால் ஈரம் குறையும். பம்புக்கு வரும் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, எஞ்சினைத் தானாக அணையும்வரை ஓடவிடுங்கள். கிண்ணத்தில் உள்ள பெட்ரோல் தீர்ந்துவிடும். பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். ஏர் ஃபில்டர் வாயையும் சைலன்சர் முனையையும் துணியால் கட்டி, கட்டியிருக்கிறது என்று ஒரு சீட்டு எழுதி ஸ்டியரிங்கில் மாட்டுங்கள். திரும்ப எடுக்கும் நாளில், சாவி போடுவதற்கு முன் தொட்டியின் காற்றுக் குழாயில் குளவி கூடு கட்டியிருக்கிறதா என்று ஒருமுறை குனிந்து பாருங்கள்.